அத்தியும் சங்கும் ஒரே மேசையில்

எங்கள் ஊர் வாசகசாலையின் சாவிதான் எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவின் முதல் பரிசு. கொட்டாரத்துக்குப் பக்கத்தில், வயலும் குளமுமாகக் கிடக்கிற சின்ன ஊர் அது. பொங்கலுக்கு மறுநாள் கிளப் நடத்தும் வினாடி வினாவில் எந்த ஜோடி ஜெயிக்கிறதோ, அந்த ஜோடிக்குக் கோப்பை கிடையாது, குத்துவிளக்கு கிடையாது, சாவி உண்டு. ஓராண்டு முழுக்க வாசகசாலையை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது, எந்தப் பத்திரிகையை வாங்குவது, எல்லாம் அவர்கள் இஷ்டம். ஆரம்பத்தில் பொறுப்பெடுக்க ஆள் கிடைக்காமல் யார் தலையிலாவது கட்டிவிடச் செய்த ஏற்பாடுதான். போகப் போக அது பெரிய கௌரவமாகிவிட்டது.

பல ஆண்டுகளாக அந்தச் சாவி இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஒருவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் உலகத்தில் உள்ள தலைநகரமெல்லாம் நடுங்கும். அவர்கள் வைத்த நேரம் மாலை ஆறு முதல் ஒன்பது. அந்த நேரத்தில் எந்த வீட்டில் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? விளக்கேற்ற வேண்டும், இரவுச் சாப்பாடு ஆக வேண்டும், பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆறு மணிக்குத் திறந்தால் உள்ளே கேரம் போர்டைச் சுற்றி ஆண்கள் கூட்டம். பகல் முழுக்கப் பூட்டு.

இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, ஐம்பதைத் தாண்டியவள் நான். அந்த வாசகசாலைக்குள் நான் போனது ஓட்டுப் போட மட்டும்தான். அங்கேதான் எங்கள் வாக்குச்சாவடி. விரலில் மை வைப்பதற்குள் அலமாரியில் இருக்கும் புத்தக முதுகுகளை எட்டிப் பார்த்துக்கொள்வேன். "டீச்சர், அந்தப் பக்கம் போங்க" என்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

ஆகவே போன பொங்கலுக்கு நான் சாவிக்காகப் போட்டியில் இறங்கினேன். பெண்கள் சேரக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது. யாரும் சேரவில்லை, அவ்வளவுதான். ஜோடியில் ஒருவராவது உள்ளூராக இருந்தால் போதும் என்பது விதி. எனக்கு ஜோடி யார் என்பதில் சந்தேகமே இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறேன். அவள் அதே பள்ளியில் விலங்கியல். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி, அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். ஆசிரியர் அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் நாற்காலிகள் ஒட்டியே கிடக்கின்றன. என் அலமாரியில் காய்ந்த இலைகள், அவள் அலமாரியில் பாட்டிலில் மிதக்கும் ஜந்துக்கள். அவளுடைய பாட்டில்களின் நாற்றம் என் இலைகளில் ஏறிவிட்டது என்று நான் திட்டுவதும், என் இலைகளில் இருக்கும் பூச்சி அவளுடைய பாட்டில் லேபிளைத் தின்கிறது என்று அவள் திட்டுவதும் எங்களுக்குக் காப்பி குடிப்பதைப் போல.

பெயர் கொடுக்கப் போனபோது கிளப் செயலாளர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் தயங்குவார்.

"டீச்சர், ரெண்டு பேரும் பொம்பளையாட்டு இருக்கே?"

"இல்ல. ஒராளு தாவரம், ஒராளு விலங்கு. எழுதுங்க" என்றாள் அவள்.

எங்கள் கிளப் வினாடி வினாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு காலத்தில் ஏதோ ஒரு விடையைப் பற்றிச் சண்டை வந்து, சட்டை கிழிந்து, விழாவே நின்றுபோனதாம். அதற்குப் பிறகு வைத்த விதி இது: நடுவர் தவறென்று சொன்ன விடையைச் சரியென்று சாதிக்கிறவன் வாயால் சாதிக்கக்கூடாது, பொருளைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். வைத்தவனுக்கு மார்க். வைக்க முடியாவிட்டால் அந்த ஜோடி மூன்று பொங்கலுக்குப் போட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. மேடையில் கைப்பேசி எடுக்கவே கூடாது. கைப்பேசியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதி வைப்பான் என்பது கிளப்பின் கட்சி. அந்த மேசையில் உயிரோடு ஒரு வான்கோழி நின்றிருக்கிறது. ஒருமுறை ஆட்டுரலைத் தூக்கிவைத்து மேசைக் காலே முறிந்திருக்கிறது. ஊர் மொத்தமும் ரசிப்பது கேள்வியை அல்ல, இதைத்தான். "மேசையில வை" என்பது எங்கள் ஊரில் சாதாரணப் பேச்சிலேயே வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை என்று தரகர் சொன்னால், பெண்ணைப் பெற்றவர் "மேசையில வையும்" என்பார்.

அன்று கோயில் மைதானத்தில் பந்தல். சாயங்கால வெயில் வயல் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. நெற்பயிர் நல்ல பச்சையாக நின்ற காலம். ஒவ்வொரு ஜோடியாக வெளியேறி, கடைசியில் மேடையில் மிஞ்சியது நாங்களும் அந்தப் பழைய சாம்பியன்களும். மார்க் சமம். பந்தலின் வலது பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து, வழக்கமாக வினாடி வினா தொடங்கியதும் எழுந்து போய்விடுகிறவர்களிடமிருந்து, சத்தம் வரத் தொடங்கியிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எங்கள் முன்னால் இருந்த மணியிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

செயலாளர் கடைசிக் கேள்வி அட்டையை எடுத்தார். கஷ்டப்பட்டு வாசித்தார்.

"ஃபைகஸ் வேரிகேட்டா. இது எதோட அறிவியல் பேரு?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி. ஃபைகஸ் என்றால் அத்திப் பேரினம். ஆல், அரசு, அத்தி எல்லாம் அந்த இனம். வேரிகேட்டா என்பது அந்தமான் பக்கம் வளரும் ஓர் அத்தி. எனக்கு அது அச்சில் மட்டும் தெரிந்த மரம் அல்ல, என் கையால் தொட்ட மரம். மணியை அடிக்கக் கையைத் தூக்கினேன். அதற்குள் பக்கத்தில் டங்கென்று ஒரு சத்தம். அவள் அடித்துவிட்டாள்.

"சங்கு வகை. கடல்ல கெடக்கது" என்றாள், அத்தனை உறுதியாக.

என் காலால் அவள் காலை மிதித்தேன். மிதித்து என்ன பயன்? செயலாளர் அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டு "தப்பு" என்றார். கேள்வி அந்தப் பக்கம் போனது. இன்சூரன்ஸ்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி, "அத்தி மர வகை" என்றார். "சரி!" கைத்தட்டல். ஆண்கள் பக்கத்திலிருந்து விசில். அவருக்கு ஏற்கெனவே கையில் சாவி இருப்பதுபோல ஒரு முகம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாட்டி? மரம்டி அது. எனக்குத் தெரிஞ்ச மரம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"மரமா? ஏட்டி, அது சங்கு. எங்க அண்ணன் வலையில எத்தன வந்திருக்கு. பாட்டில்ல போட்டு நானே லேபிள் எழுதி ஒட்டியிருக்கேன். ஒன் அலமாரிக்கு நேர் எதிர்ல இருக்கு."

"நான் மரத்தோட எலையக் காய வச்சு ஒட்டியிருக்கேன். அது ஒன் அலமாரிக்கு நேர் எதிர்ல இருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே பெயரை ஆளுக்கொன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு, ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் சொல்வதை நான் பார்த்ததில்லை. நான் சொல்வதை அவள் பார்த்ததில்லை. ஆனால் கடலில் கிடப்பதற்கு அவள் தவறாகப் பெயர் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

"ரெண்டும் சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றாள்.

நான் எழுந்து ஒலிபெருக்கியைச் செயலாளர் கையிலிருந்து வாங்கினேன். "மேசையில வைக்கோம்" என்றேன்.

பந்தல் ஒரேயடியாக ஆர்ப்பரித்தது. வான்கோழிக்குப் பிறகு யாரும் அதைச் சொல்லவில்லையே. செயலாளருக்கு வியர்த்தது. "டீச்சர், யோசிச்சுக்கிடுங்க. வைக்க முடியலன்னா மூணு வருசம்" என்றார். மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டு பூட்டு. அதைவிட, "பொம்பளையளு வந்தா இப்படித்தான்" என்ற பேச்சு அதற்குப் பிறகும் ஓடும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தே இருந்தது. யோசித்தாயிற்று என்றேன்.

பொருளைக் கொண்டுவர வழக்கமாகக் கொடுக்கும் அவகாசம் கயிறிழுப்பின் மூன்று சுற்றும் முடியும் வரை. மேடைக்கு எதிரே மைதானத்தில் கீழத்தெருவும் மேலத்தெருவும் கயிற்றைப் பிடித்து நின்றுகொண்டிருந்தன. விசில் ஊதினால் எங்கள் நேரமும் தொடங்கிவிடும்.

பள்ளிக்கூடம் பொங்கல் விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. அவளுடைய பாட்டிலும் என் காய்ந்த இலையும் அதற்குள். "எங்க மைனி கடையில இருக்கு" என்றாள் அவள். அவள் அண்ணன் மனைவி கன்னியாகுமரியில் சங்கு, சிப்பிக் கடை வைத்திருக்கிறாள். சுற்றுலா வருகிறவர்களுக்காகச் சங்குகளை வரிசையாக ஒட்டி, கீழே அறிவியல் பெயர் அச்சடித்த பலகைகள் அந்தக் கடைகளில் தொங்கும். அதில் ஒன்றில் அந்தச் சங்கும் பெயரும் உண்டு. அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். பொங்கல் கூட்டம், ஐயப்பன் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வண்டிகள், கன்னியாகுமரிச் சாலை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"நீ மரத்துக்குப் போறியா? ஒனக்கு எதுக்குட்டி மரம்? மரம் அவிய சொன்ன பதிலு. நமக்குச் சங்கு போதும்" என்று ஸ்கூட்டரை உதைத்தபடி கேட்டாள்.

"சங்க மட்டும் வச்சா, அட்டையில மரம்னு போட்டிருக்கு, கடைக்காரி பொய் அடிச்சிருக்கான்னு சொல்லுவானுவ. மரத்தையும் நாமளே வைப்போம்."

அவள் சிரித்தாள். "கொள்ளாம்" என்று மெச்சிவிட்டுப் பறந்தாள்.

மரம் எங்கள் ஊரிலேயே இருந்தது. அந்தமானில் பல காலம் வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவர், வரும்போது ஒரு கன்றைக் கொண்டுவந்து தன் வீட்டுப் பின்புறம் நட்டிருந்தார். ஊரில் எல்லோரும் அதை நம் ஊர் அத்தி என்றே சொன்னார்கள். இலை கொஞ்சம் பெரிது, காம்பு நீளம் என்று எனக்குப் பட்டு, புத்தகத்தை வைத்து ஒப்பிட்டு, இது வேறு என்று கண்டுபிடித்தது நான்தான். அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மனிதர் தன் மரத்தில் யாரையும் ஓர் இலை கிள்ள விடமாட்டார். ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு முன்பு ஓர் இலை கொடுத்ததே பெரிய தயவு.

வீட்டுக்கு ஓடினால் வாசல் கதவு பூட்டு. அப்போதுதான் நினைவு வந்தது, மனிதர் கயிறிழுப்பில் இருக்கிறார். கீழத்தெருவின் கடைசி ஆள் அவர்தான். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் புதைத்து நிற்கிற கனத்த ஆள். திரும்ப மைதானத்துக்கு ஓடினேன். விசில் ஊதியாயிற்று. கயிறு விறைத்து, இரண்டு பக்கமும் அசையாமல், முப்பத்திரண்டு கால்கள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. நான் அவர் காதருகே குனிந்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க அந்தமான் மரத்துல ஒரு கொம்பு ஒடிக்கட்டா?"

அவர் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பல்லைக் கடித்திருந்ததால் வாய் திறக்க முடியவில்லை. வாய் திறந்தால் மூச்சு போகும், மூச்சு போனால் கீழத்தெரு போகும். சாதாரண நாளாக இருந்தால் என்னைக் கயிற்றாலேயே கட்டியிருப்பார். "சாவிக்கு அண்ணாச்சி, பொம்பளையளுக்கு" என்றேன். அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். அது சம்மதமா, வியர்வையை உதறினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

"விட்டுராதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிடுங்க" என்றும் சொல்லிவிட்டு ஓடினேன். எனக்காக அவர் பிடித்திருக்க மாட்டார். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாசல் பூட்டு பூட்டுதானே. பக்கத்து வீட்டுத் துணி துவைக்கிற கல்லில் ஏறி, பொங்கல் புடவையைச் செருகிக்கொண்டு, மதிலைத் தாண்டினேன். என் வயதில் மதில் ஏறும் ஆசை யாருக்காவது இருந்தால் சொல்லிவைக்கிறேன், ஏறுவது சுலபம், உட்கார்ந்திருக்கும்போதுதான் இறங்க வேண்டும் என்று நினைவு வரும். ஒருவழியாக உள்ளே விழுந்தேன். அந்த மரத்துக்குக் கிளையில் காய் பிடிக்காது, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். இலையோடு ஒரு சின்னக் கொம்பையும், அடிமரத்திலிருந்து ஒரு கொத்துக் காயையும் ஒடித்தேன். பால் கொட்டிப் புடவையெல்லாம் பிசின். வழியில் என் வீட்டுக்குள் நுழைந்து மரங்களைப் பற்றிய தடித்த புத்தகத்தையும் அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது ஆளுக்கொரு சுற்று ஜெயித்து, கடைசிச் சுற்றில் கயிறு அசையாமல் நின்றது. மேலத்தெரு ஒரு சாண் இழுத்தது, கீழத்தெரு ஒரு சாண் இழுத்தது. நான் மேடையில் நின்று சாலையைப் பார்த்தேன். அவளைக் காணோம். சாம்பியன்கள் இருவரும் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "அண்ணாச்சி, விடாதே!" என்று கத்தினார்கள். உடனே இன்னொருத்தி கத்தினாள். பிறகு எல்லோரும். கீழத்தெருப் பெண்கள் கத்தினால் நியாயம். மேலத்தெருப் பெண்களும் சேர்ந்து கீழத்தெரு அண்ணாச்சியைப் பார்த்து விடாதே என்று கத்தினார்கள். மேலத்தெரு ஆண்கள் கயிற்றை மறந்து திரும்பிப் பார்த்தார்கள், பார்த்த வேகத்தில் இரண்டு சாண் போனது. "ஏலே, முன்னால பாருங்கலே!" என்று அவர்கள் தலைவன் அலறினான். உடனே பெண்கள் கட்சி மாறி மேலத்தெருவுக்குக் கத்தினார்கள். யாரும் ஜெயித்துவிடக்கூடாது என்று ஒரு கூட்டம் இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் சாலை முக்கில் ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியது மைனி. பின்னால் அவள், கதவளவு பலகை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தபடி. காற்று பலகையில் அடித்து வண்டி பாய் விரித்த வள்ளம் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது. சுவரில் ஆணி அடித்து மாட்டிய பலகையாம் அது. கழற்ற நேரமில்லாமல் ஆணியோடு பிடுங்கியிருக்கிறார்கள். கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, "நீ ஓட்டுனா நாளைக்குத்தான் போவ" என்று மைனியே வண்டியை எடுத்திருக்கிறாள். பலகை மேசை மேல் ஏறியதும் மைதானத்தில் விசில் கேட்டது. யார் ஜெயித்தார்கள் என்று அப்போது யாரும் கவனிக்கவில்லை. கீழத்தெருதான், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பலகையின் நடுவில் அந்தச் சங்கு. பழுப்புப் புள்ளிகளோடு, தாள் போல மெல்லிசாக, மேல் பக்கம் பருத்துக் கீழே ஒடுங்கி. அதன் அடியில் ஆங்கில எழுத்தில் அந்தப் பெயர். செயலாளர் அட்டையையும் பலகையையும் மாறி மாறி எழுத்துக் கூட்டிப் பார்த்தார். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"கடைப் பலகையில என்ன வேணும்னாலும் அடிக்கலாம். அட்டையில மரம்னுதான் இருக்கு" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"மரந்தான்" என்றேன் நான். "மரம் இல்லன்னு யாரு சொன்னா? இதுதான் அந்த மரம்." கொம்பையும் காய்க்கொத்தையும் மேசையில் வைத்தேன். புத்தகத்தைத் திறந்து வைத்தேன். "அண்ணாச்சி, நீங்க இந்த மரத்தப் பாத்திருக்கியளா?"

இன்சூரன்ஸ்காரர் கொம்பைத் தொட்டுப் பார்த்தார். பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "இல்ல. படிச்சதுதான்" என்றார்.

அவள் பலகையிலிருந்து சங்கை ஒரே பிடியில் பெயர்த்தாள். மைனி "ஐயோ!" என்றாள். ஒரு கையில் சங்கு, மறு கையில் காம்பு கீழே வரும்படி ஓர் அத்திக்காய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தூக்கிப் பிடித்து மேடை விளிம்புவரை வந்தாள். "பாத்தியளா? ஃபைகஸ்னா அத்தி. சங்கு அத்தி மாதிரி இருக்குன்னுதான் அதுக்கும் அந்தப் பேரு வச்சான், கேட்டியளா?" முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். பார்க்கிற எவருக்கும் அது புரிந்தது.

"ஒரே பேரு ரெண்டுக்கு எப்படி டீச்சர்?" செயலாளர் உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

"செடிகொடிக்குப் பேரு வைக்கிறதுக்கு ஒரு சட்டம். ஜந்துவுக்கு வேற சட்டம். அவனவன் சட்டத்துக்குள்ள ஒரு பேரு ரெண்டு தடவ வரக்கூடாது, அவ்வளவுதான். ஏ செக்ஷன்லயும் ஏழாம் நம்பர் உண்டு, பி செக்ஷன்லயும் ஏழாம் நம்பர் உண்டு. ஒருத்தன் எந்திச்சு நின்னா இன்னொருத்தன ஆப்சென்ட் போடுவியளா?" என்றேன்.

சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே பாதி ஜெயித்துவிட்டோம். மீதியைக் கூட்டம் பார்த்துக்கொண்டது. மேடையில்தான் கைப்பேசிக்குத் தடை, கீழே தடை இல்லை. பந்தலில் எல்லோரும் அதற்குள் தேடிவிட்டார்கள். "ரெண்டும் இருக்கு! மரமும் இருக்கு, சங்கும் இருக்கு!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்தே குரல் வந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவன் நாற்காலி மேல் ஏறி நின்று கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான்.

"அப்பம் ரெண்டு பேரு பதிலும் சரி. மார்க் சமம்" என்று இழுத்தார் செயலாளர். அவருக்கு அப்படியே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக ஆசை.

அப்போது எழுந்தவர் வங்கிக்காரர். இத்தனை நேரமும் மேசையிலிருந்த கொத்தில் ஓர் அத்திக்காயை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தவர். அவர் வாதாடத் தொடங்கினால் அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார்.

"என்னத்துக்குவே சமம்? வச்சவனுக்கு மார்க்குன்னுதான வழக்கம். சங்கு வச்சது யாரு? அவிய. மரம் வச்சது யாரு? அதுவும் அவிய. நாங்க முறுக்குதான் வச்சோம்."

அவரே சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, இலைக்கும் சங்குக்கும் நடுவில் வைத்தார். இன்சூரன்ஸ்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று, ஆனாலும் கைதட்டினார். பந்தல் இடிந்து விழுந்துவிடும் என்று நினைத்தேன். யாரோ என்னைக் கட்டிப் பிடித்தார்கள். மைனி ஓட்டையான தன் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். நான் அழுதேன். வெட்கமே இல்லாமல், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று ஊருக்கே கேட்கும்படி அழுதேன். "ஏட்டி, மைக்க அமத்திட்டு அழு" என்று அவள் சொன்னதும் ஊருக்கே கேட்டது.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வாசகசாலையைத் திறந்தேன். அவளும் கடற்கரையிலிருந்து வந்திருந்தாள். ஜன்னல்களைத் திறந்தோம், கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்தோம், நாற்காலிகளைத் துடைத்தோம். திறந்து வைத்தால் மட்டும் வந்துவிடுவார்களா என்று எனக்குள் ஒரு பயம். நேற்று கத்தியது வேறு, இன்று வீட்டு வேலைக்கு நடுவில் புறப்பட்டு வருவது வேறு. ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. அவள் ஒரு பத்திரிகையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்திரி ஆலையில் வேலை பார்க்கிற ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். பக்கத்துத் தெருதான், தினமும் பார்க்கிற முகம், பேசிக்கொண்டது குறைவு. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி, கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களை முந்தானையில் ஒருமுறை துடைத்தாள். அலமாரிக்கு நேராகப் போனாள். தேடவில்லை, தடவவில்லை. மூன்றாம் தட்டில் ஓரத்திலிருந்து ஒரு பருத்த நாவலை எடுத்தாள்.

"இது இங்கன இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஓட்டுப் போட வரும்ப பாப்பேன்லா" என்றாள். "ஒவ்வொரு தடவையும் பாப்பேன்."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்து, மறுபடி நிமிர்ந்தாள்.

"எத்தன மணி வரைக்கும் இருக்கலாம் டீச்சர்?"

"படிச்சு முடியுமட்டும் இருங்க" என்றேன்.

அவள் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.